ஆவணிக்கென்று எடுத்துவைத்த சீரம்

இந்திராணியின் முகத்தில் மங்கு விழுந்து நாலு வருஷமாகிறது. இரண்டு கன்னத்திலும் பழுப்புத் திட்டு, டீ சிந்தித் துடைத்த துணி மாதிரி. காந்தி ரோட்டில் அவள் வேலை பார்க்கும் பட்டுக் கடையில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. பேச என்ன இருக்கிறது? பெண் வீட்டார் வந்து உட்காருவார்கள். இந்திராணி புடவையை உதறிப் பிரித்து, கொசுவம் பிடித்துத் தன் மேலேயே வைத்துக் கட்டிக் காட்டுவாள். அத்தனை கண்ணும் பார்டரிலும் முந்தானையிலும்தான் இருக்கும். ஊரில் பாதிப் பேருடைய முகூர்த்தப் புடவை முதலில் ஏறியது அவள் தோளில். அந்தத் தோளுக்கு மேலே ஒரு முகமும் இருக்கிறது என்று எவரும் கண்டுகொண்டதில்லை.

முதலாளி மகன் தினேஷ் போனில் லைவ் வீடியோ போட்டுப் புடவை விற்க ஆரம்பித்த பிறகுதான் வினை வந்தது.

தினேஷ் கெட்ட பையன் இல்லை. முதலில் ஃபில்டர் போட்டுத்தான் எடுத்தான். ஃபில்டரில் மங்கு போன இடம் தெரியவில்லை. இந்திராணியே தன்னைப் பார்த்துச் சொக்கிப்போனாள். ஆனால் அந்தப் பாழாய்ப்போன ஃபில்டர் அவள் முகத்தை வெளுத்ததோடு நிற்காமல் புடவையையும் சேர்த்து வெளுத்தது. லைவில் தக்காளிச் சிவப்பாகத் தெரிந்தது, வாங்கியவர்கள் வீட்டில் அரக்காகப் போய் இறங்கியது. புடவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஃபில்டரை எடுத்தார்கள். மங்கு வெளியே வந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் தினேஷ், ஆனி மாசக் கடைசியில். "கமெண்ட்ல மூஞ்சியப் பத்தி எழுதுறாங்க. ஆவணி முகூர்த்தத்துக்கு லைவ் பெருசா பண்றோம். அதுக்குள்ள ஏதாவது ட்ரீட்மென்ட் எடுங்க. சரியாச்சுன்னா நீங்கதான். இல்லன்னா திரிஷா நிக்கட்டும், நீங்க மடிக்கிற ரூமைப் பார்த்துக்குங்க."

திரிஷா புதிதாகச் சேர்ந்த பெண். முகத்தில் பரு வந்த தடம்கூடக் கிடையாது.

மடிக்கிற ரூம் கடைக்குப் பின்னால் இருக்கிறது. ஜனங்கள் கலைத்துப் போட்டதையெல்லாம் அங்கே உட்கார்ந்து பழையபடி மடிக்க வேண்டும். சம்பளம் அதேதான். ஆனால் அங்கே போனவர்கள் முன்பக்கம் திரும்பி வந்ததில்லை. முகூர்த்தப் புடவையைச் சுற்றிக்கொண்டு பெரிய கண்ணாடி முன் ஒரு திரும்பு திரும்பும்போது, கூட்டம் 'அட' என்று மூச்சை இழுக்குமே, அது இல்லாமல் இத்தனை வேலையும் எதற்கு என்று இந்திராணிக்குப் பயமாக இருந்தது.

மகள் மஹாலட்சுமி சென்னையில் வேலை பார்க்கிறாள். அம்மா போனில் அழுததைக் கேட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பாட்டிலோடு வந்துவிட்டாள். கட்டை விரல் உயரம், கண்ணாடிப் பாட்டில், உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ.

"வைட்டமின் சி சீரம்மா. டெய்லி காலையில மூஞ்சில நாலு சொட்டு. விடாம போட்டா மங்கு கொஞ்சமாச்சும் டல்லாகும்."

"இன்னா விலை?"

"அதெல்லாம் கேக்காத." கேட்காமல் விடுவாளா? மூவாயிரத்து இருநூறு. வீட்டின் மாத மளிகையே அதற்குள் அடங்கிவிடும்.

அந்த விலையைக் கேட்டதுதான் தப்பு. கேட்டபின் இந்திராணியால் அதைச் சோப்பு டப்பா பக்கத்தில் வைக்க முடியவில்லை. கழுவிய பழைய வேட்டித் துண்டில் சுற்றி, பீரோவில் தன் கல்யாணப் புடவையோடு வைத்தாள். ஆடி பிறக்கப்போகிறது. புதுசாக எதையும் ஆடியில் ஆரம்பிப்பது அவள் வீட்டில் வழக்கமில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தன்று நல்லபடியாகப் போட்டுக்கொண்டு போகலாம், விலைக்கேற்ற பொருள் என்றால் போட்டதும் பளிச்சென்று காட்டாதா என்று நினைத்தாள். பட்டு அப்படித்தானே காட்டுகிறது!

சும்மாவும் வைக்கவில்லை. பட்டைப் பூட்டியே வைத்தால் மடிப்பில் இழை விட்டுப்போகும் என்று அவ்வப்போது எடுத்துக் காற்றாட விடும் வீடு அது. சீரத்தையும் வெள்ளிக்கிழமைதோறும் எடுத்து, மூடியைத் திறந்து, ஜன்னலோரம் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு பத்திரமாகச் சுற்றி உள்ளே வைத்தாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலையில் குளித்துவிட்டு வந்து துணியைப் பிரித்தால், பாட்டிலில் காப்பி டிகாஷன் நிற்கிறது.

மகளுக்கு வீடியோ கால் போட்டாள்.

"ஐயோ அம்மா! அது கெட்டுப்போச்சு. மூஞ்சில தடவிடாத. தினமும்தானே போடச் சொன்னேன்?"

"ஆடியில எப்படிமா ஆரம்பிக்கிறது? அப்பப்ப காத்தாட வச்சிக்கினுதான் இருந்தேன்."

"காத்தாடவா?" மஹாலட்சுமி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "காத்து பட்டாதாம்மா அது கெடும். அது இன்னா பட்டுப் புடவையா?"

பாட்டில் மேல் கோபமா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்க இந்திராணிக்குத் தெம்பில்லை. வழக்கம்போல் பவுடரைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கடையில் தினேஷ் வட்ட லைட்டைப் போட்டு அவளை நிற்கச் சொன்னான். போன் திரையைப் பார்த்தான். லைட்டைத் தள்ளி வைத்து மறுபடி பார்த்தான்.

"ட்ரீட்மென்ட் ஒண்ணும் எடுக்கலியாக்கா?"

"எடுத்தேன் தம்பி," என்றாள். வேறு என்ன சொல்வது?

அவன் இரக்கத்தோடு தலையாட்டினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரிஷா லைட்டுக்கு முன்னால் வந்து நிற்க, இந்திராணி பின்பக்கம் போய் உட்கார்ந்து மடித்தாள். முன்னாலிருந்து 'அட' என்று சத்தம் வந்தபோதெல்லாம் கை ஒரு நொடி நின்றது.

மத்தியானம் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள்: வேற பாட்டில் ஆர்டர் பண்ணவா? இந்திராணி பதில் போடவில்லை. இனிமேல் யாருக்குக் காட்ட?

மடிக்கிறவர்களை வெளிச்சம் இருக்கும்போதே விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்தபோது கணவர் நமச்சிவாயம் தறியில் இருந்தார். ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று அறுந்தால், நெய்துகொண்டிருக்கும்போதே அவர் கண் அதைப் பிடித்துவிடும்.

"இன்னா, சீக்கிரம் வந்துட்ட?"

"இனிமே சீக்கிரம்தான். மடிக்க அனுப்பிட்டாங்க. எல்லாம் இந்த மங்காலதான்."

"எந்த மங்கு?"

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து ஏறிட்டுப் பார்த்தாள். இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதை அன்பு என்று எடுத்துக்கொள்ள அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. முடியவில்லை.

"எழுந்து வாங்க இப்படி."

வாசல் வெளிச்சத்துக்கு அவரைக் கூட்டிவந்து, முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். "நல்லாப் பாருங்க."

"எதுக்கு இப்ப..."

"பாருங்கன்னு சொல்றேன் இல்ல?"

அவர் பார்த்தார். முதலில் கூச்சத்தோடு, பிறகு கிட்டத்தில் குனிந்து, நிஜமாகவே பார்த்தார்.

"ஆமா, இருக்குது," என்றார் மெதுவாக. "கண்ணுக்குக் கீழ சுருக்கம்கூட விழுந்திருக்குதே, இந்திரா. எப்ப வந்துச்சு இதெல்லாம்?"

"நீங்க தறியில இருந்தப்ப," என்றாள் அவள், முகத்தை நகர்த்தாமல்.