வாசல் மாறிய சம்பந்திகள்

நவம்பர் பிற்பகுதியில் இந்த மலைச்சரிவு பேச்சைக் குறைத்துக்கொள்ளும். பிளம் மரங்கள் கடைசி இலையையும் உதிர்த்துவிட்டு, நோன்பேற்றவர்போல் கருத்த கிளைகளோடு நிற்கும். ஆற்றிலிருந்து எழும் மூடுபனி விடியலில் தோட்டம்வரை ஏறி வந்து, நண்பகல்வரை இறங்க மனமின்றித் தங்கும். புகை கூரையைவிட்டு எழாது. கோயில் மணி அடித்தால் ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்று சொல்ல இயலாது. வானம் முழுவதுமே மெல்ல ஒலிப்பதாகத் தோன்றும். பிளம் பழத்தில் பிராந்தி காய்ச்சி முடிந்து, பன்றி அறுப்பு தொடங்காத அந்த இடைவெளியில், வெண்மையின் நடுவே, அதிதூதர் மிக்கேலின் திருநாள் வருகிறது.

மிக்கேல் என் கணவர் ஒப்ரேன் வீட்டாரின் குலப் புனிதர். தந்தைக்குப் பின் மகன் இத்திருநாளை ஏற்று நடத்த வேண்டும். நான் சொல்லும் அந்த ஆண்டு தவக்காலத்தில் என் மாமனார் இறந்தார். அதே வசந்தத்தில் ஒப்ரேனுக்கு இங்குள்ள மர ஆலையில் வேலை கிடைத்து, நாங்கள் தெற்கிலிருந்து குடிபெயர்ந்தோம். ஆகவே அது அவர் தம் கையால் நடத்தும் முதல் திருநாள். எங்களை அறியாத ஊரில்.

குலப் புனிதர் திருநாளுக்கு எவரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்து வைக்கிறோம்; வருபவர் வருவர். வந்தவரை யார் என்று கேட்பதுமில்லை. நடுப்பகலில் வீட்டுத் தலைவரும் விருந்தினர் ஒருவரும் திருநாள் ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுழற்றி, சிலுவையாக வெட்டி, மதுவூற்றி முத்தமிட வேண்டும். அதன்பிறகே உணவு. வீட்டார் தமக்குள்ளேயே அதைச் செய்துகொள்ளலாம் என்று பாதிரியார் சொல்லியிருந்தார். ஒப்ரேன் கேட்கவில்லை.

"எங்கப்பா ஒரு வருஷம்கூட விருந்தாளி கை படாம ரொட்டிய வெட்டினதில்ல. நானும் வெட்டமாட்டேன்."

"யாரும் வரலன்னா?" என்றேன்.

"வருவாங்க, விதோசாவா," என்று என் பெயர் சொல்லித் தேற்றினார். "நீ சூப்ப மட்டும் ஆறவிடாம பாத்துக்கோ."

அவருடைய உறுதி என் கைகளுக்கும் வந்தது. இறைச்சி பொதிந்த முட்டைக்கோஸ் சுருள்களை இரவெல்லாம் சிறு தீயில் வைத்திருந்தேன். பன்றித் தொடை பொன்னிறத்தில் வெந்திருந்தது. கோதுமையை வேகவைத்து, வாதுமைக்கொட்டையும் சர்க்கரையும் சேர்த்து இடித்துக் குவித்து, வாசலருகே சிறு மேசையில் வைத்தேன். வருபவர் முதலில் அதில் ஒரு கரண்டி உண்டு சிலுவைக்குறி இட்டுக்கொள்வது எங்கள் முறை. மேசையில் தட்டுகளை நெருக்கமாக அடுக்கினேன். திருவுருவத்தின்முன் மெழுகுத்திரி எரிந்தது.

பதினொன்று கடந்தது. எதிர்வீட்டு ஸ்தானா வேலியோரம் தென்பட்டாள். தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். வேறெவரும் வரவில்லை. மெழுகுத்திரி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒப்ரேன் வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து நின்றார். திருநாளன்று வீட்டுத் தலைவர் அமர்வதில்லை. அவர் கண் மட்டும் திரிக்கும் வாசலுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தது.

அப்போது மூடுபனியைக் கிழித்துக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. பருத்த மனிதர் ஒருவர் புட்டியோடும், சிவப்புத் தலைத்துணி கட்டிய அம்மாள் ஒருவர் கேக் பெட்டியோடும் இறங்கினர். அந்த மனிதர் என்னைக் கண்டதும் கைகளை அகல விரித்தார்.

"சம்பந்தியம்மா! திருநாள் வாழ்த்து! ஒருவழியா உங்க மூஞ்சியப் பாத்துட்டோம்!"

இரு கன்னத்திலுமாக மூன்று முத்தம். நான் மூச்சுவிடுவதற்குள் அந்த அம்மாளும் மூன்று தந்தார். "நான் பெர்சிதா, இவர் திஹோமிர். விடிகாலைல கிளம்பினோம். வழியெல்லாம் ஒரே பனி. எங்க நெவெனா உங்க வீட்டப் பத்தி எவ்ளோ சொல்லிருக்கா தெரியுமா!"

எங்களுக்கு ஒரே மகன், ரெல்யா. வியன்னாவில் கட்டட வேலை. விடுப்பு கிடைக்காததால் அவன் வரவில்லை. நெவெனா என்றொரு பெண்ணைப்பற்றி அவன் ஒரு சொல்லும் சொன்னதில்லை. எனினும் திருநாளில் வாசலேறியவரிடம் கேள்வி கேட்கலாகாது. புன்னகையோடு கோதுமைக் கிண்ணத்தைக் காட்டினேன்.

"முதல்ல இத எடுத்துக்கங்க, சம்பந்தி."

பெர்சிதா கிண்ணத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். திஹோமிர் கரண்டியை எடுத்தபடியே ஒரு கணம் நின்றார். பிறகு இருவரும் சிலுவைக்குறி இட்டு, உண்டு, கரண்டிகளைத் தண்ணீர்க் குவளையில் போட்டனர்.

"நல்லா இருக்கும்மா," என்றார் பெர்சிதா, தணிந்த குரலில்.

சம்பந்தியம்மா, வெறும் அம்மா ஆகிவிட்டாள். கோதுமை வேகவில்லையோ, சர்க்கரை குறைந்ததோ என்று எனக்கு வியர்த்தது. இருவரையும் மேசையில் அமர்த்தி, பிளம் பிராந்தி ஊற்றிக்கொடுத்துவிட்டு ஒப்ரேனைச் சமையலறைக்குள் இழுத்தேன்.

"உன் மகன் என்ன பண்ணி வச்சிருக்கான்னு கேளு! பொண்ணு பாத்து, சம்பந்தியையும் அனுப்பி வச்சிருக்கான். நம்மகிட்ட ஒரு வார்த்தை சொன்னானா?"

ஒப்ரேன் கைபேசியில் ரெல்யாவை அழைத்தார். "டேய், நெவெனா யாருடா?"

"யாருப்பா அது? அழகா இருப்பாளா?"

"அவங்க அப்பா அம்மா நம்ம வீட்ல உக்காந்திருக்காங்கடா!"

மறுமுனையில் சிரிப்பு நிற்கவேயில்லை. "அப்பா, சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா அனுப்பிடாதீங்க, நான் வந்து பாக்கறேன்!"

ஒப்ரேன் கைபேசியை வைத்தார். வீடு தவறி வந்திருக்கிறார்கள் என்பது இருவருக்கும் விளங்கிற்று.

"சொல்லிடணும்," என்றார்.

"சொன்னா எழுந்து போயிடுவாங்க. சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவையா போறவங்க, தாமதிப்பாங்களா? இப்பவே மணி பன்னெண்டாகப்போவுது. ரொட்டிய வெட்டிட்டுச் சொல்லேன்."

"ஏமாத்திப் பிடிக்கவச்ச கை விருந்தாளி கையா? அப்பா முகத்துல எப்படி முழிப்பேன்?" சட்டையின் கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். நான் கதவருகில் நின்று ஆண்டவரின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

"ஐயா, ஒரு சங்கடம். எங்க பையனுக்கு உங்க பொண்ணத் தெரியாது. நீங்க வீடு மாறி வந்திருக்கீங்க."

திஹோமிர் கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியும்."

"தெரியுமா?"

"கோதுமையப் பாத்தப்பவே தெரிஞ்சுது. எங்க சம்பந்தி போன்ல தெளிவா சொன்னார். இந்தப் பக்கம் மிக்கேலுக்குக் கோதுமை வேகவைக்க மாட்டாங்களாம். அவர் சாகாதவராம், கோதுமை செத்தவங்களுக்காம். இவ வழி முழுக்க அதுக்காக என்கிட்ட சண்ட போட்டா. ‘அது என்ன திருநாளு, கோதுமை இல்லாம’ன்னு."

"பின்ன? எங்க ஊர்ல வைப்போம்ல?" என்றார் பெர்சிதா. "இங்க கிண்ணத்தப் பாத்ததும் எனக்கு ஒரே குஷி. அப்புறம்தான் உறைச்சுது."

"பெட்ரோல் போட நின்னப்ப, ‘மிக்கேல் திருநாள் வீடு எது, பச்சக் கதவு’ன்னு கேட்டோம். ஒருத்தன் கைய நீட்டினான், வந்துட்டோம்," என்றார் திஹோமிர்.

"அப்புறம் ஏன் உக்காந்தீங்க?" என்றேன் நான்.

பெர்சிதா மேசையைச் சுற்றிலும் கண்ணை ஓட்டினார். "இத்தன தட்டு. ஒண்ணுலகூட கை படல. ரொட்டி முழுசா இருக்கு. எழுந்து போக மனசு வருமாம்மா?"

அதே நேரத்தில் திஹோமிரின் கைபேசி ஒலித்தது. உண்மையான சம்பந்தியின் உரத்த குரல் எங்களுக்கும் கேட்டது: "எங்கய்யா இருக்கீங்க? சூப்பு ஆறுது! பாதிரியார் கிளம்பறேங்கறார்!"

"சம்பந்தி, இன்னொரு மிக்கேல் வீட்ல இருக்கோம். இங்க ரொட்டி பிடிக்க ஆளில்ல. வெட்டிட்டு வந்துடறோம். கோவப்படாதீங்க."

"முதல் வருகையே இந்த லட்சணமா? சரி சரி, ஒழுங்கா பிடிங்க, கீழ போட்டுத் தொலைக்காதீங்க. பாதிரியார நான் உக்கார வைக்கறேன்!"

திஹோமிர் எழுந்து கை கழுவிக்கொண்டார். ஒப்ரேன் ரொட்டியை எடுத்தார். இருவரின் விரல்களும் அதன் விளிம்பில் சந்தித்தன. மெல்ல, கதிரவன் செல்லும் வழியில், ரொட்டி சுழன்றது. இரண்டு ஆண்குரல்கள் அதிதூதரின் துதியைப் பாடின. வெவ்வேறு நாட்டுப்புறத்து இராகங்கள், ஒரே துதி. இரண்டாம் சுற்றில் அவை ஒன்றாயின. சிலுவையாக வெட்டிய இடத்தில் ஒப்ரேன் மதுவை ஊற்றினார். இருவரும் ரொட்டியை முத்தமிட்டு உடைத்தனர்.

"கிறிஸ்து நம் நடுவே இருக்கிறார்," என்றார் ஒப்ரேன்.

"இருக்கிறார், இருப்பார்," என்றார் திஹோமிர்.

சூப்பும் இரண்டு சுருள்களும் அவசரமாக உண்டுவிட்டு அவர்கள் எழுந்தனர். போகிறபோது எங்கள் பச்சை வாயிற்கதவில் மாமனாருக்காகக் கட்டியிருந்த கறுப்புத் துணியைப் பெர்சிதா கண்டார். எதிரே ஸ்தானா வேலிக்குப் பின்னால் நின்று, பெருக்கத் தேவையில்லாத இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீங்க ஏன் இந்த வீட்டுக்கு வரல?" பெர்சிதாவின் குரல் பனியைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"துக்க வீடாச்சே. பாட்டு கூத்து இருக்காது, வந்தா சங்கடப்படுவாங்களோன்னு..."

"பாட்டு வேணாம், வாய் இருக்குல்ல? அந்தம்மா ஒரு பட்டாளத்துக்குச் சமைச்சு வச்சிருக்கு. போங்க, போய்ச் சாப்பிடுங்க. முட்டைக்கோஸ் சுருள் உங்க கையால செஞ்சதவிட நல்லா இருக்கும்."

"என் கையால செஞ்சத நீங்க தின்னிருக்கீங்களா?" என்று ஸ்தானா சீறினாள்.

"இல்ல. ஆனா இதத் தின்னாச்சு!"

கார் ஆற்றுப் பாலத்தை நோக்கிப் போனது. ஒரு மணிநேரத்துக்குள் ஸ்தானா கணவனோடு வந்தாள். பின்னாலேயே ஆலைத் தொழிலாளர் சிலர் தத்தம் மனைவியரோடு வந்தனர். கிண்ணத்தைக் கண்டு ஸ்தானா கண்ணை உருட்டினாள்.

"மிக்கேலுக்குக் கோதுமையா? அவரு சாகாதவராச்சே!"

"அவரு சாகாதவர்தான்," என்றார் ஒப்ரேன். "நாம சாகறவங்க. எடுத்துக்கங்க."

அவள் சிரித்துவிட்டாள். ஒரு கரண்டி எடுத்தாள். யாரும் பாராதபோது இன்னொன்றும் எடுத்தாள். தட்டுகள் போதாமல் கழுவிக் கழுவி வைத்தேன். அதைவிட இனிய வேலையை நான் செய்ததில்லை.

பொழுது சாயும் வேளையில் வீடு அமைதியானது. ஒப்ரேன் அன்றைக்கு முதன்முறையாக நாற்காலியில் அமர்ந்து, கால்களை நீட்டி, உடனே மீண்டும் எழுந்தார். திருவுருவத்தின் முன்னே இருவரும் நின்றோம். மாமனாரின் பெயரைச் சொல்லி வேண்டினோம். பிறகு, உயிரோடிருப்பவர்க்காக, திஹோமிர், பெர்சிதா, நெவெனா என்று ஒப்ரேன் சொன்னார்; நானும் அவருக்குப்பின் சொன்னேன். அவர் ஒரு துளி மதுவில் விரல் நனைத்துத் திரியை அணைத்தார். நான் தலை தாழ்த்தி, அதிதூதரின் பாதத்தருகே உதடு பதித்தேன்.

காவலரே, அவர்கள் திரும்பும் சாலையில் பனி விலகுக. அவர்கள் மகள் புகும் வீட்டில் அடுப்பு கனன்றுகொண்டிருக்க. எந்த ஊரில் எந்த வாசலில் அவர்கள் நின்றாலும், அக்கதவு தட்டுமுன்னே திறப்பதாக. ஆமென்.