தூரத்தில் நடக்கிற ஆள்

"இது நெலமாம்மா? பச்சைப் பெயிண்ட் அடிச்ச ரூம் மாதிரி இருக்கு," என்று வி.ஆர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார் பாலசுந்தரம். திருப்பதியில் மனை விற்கும் கம்பெனி அவருடையது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இருந்த இடத்திலிருந்தே கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனையில் நடந்து பார்க்க வேண்டும். அதைச் செய்து கொடுப்பது ரூபாவின் வேலை.

பாவம், அவளும் என்னதான் செய்யவில்லை? வானத்தை உயர்த்தினாள். மலையைத் தள்ளி வைத்தாள். காற்றுச் சத்தம் சேர்த்தாள். ம்ஹூம், கையை நீட்டினால் சுவர் இடிக்கும் போலவே இருந்தது. பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புத்தியில் பட்டது: கண் போய்ச் சேர ஒரு ஆள் வேண்டும். தூரத்தில், சின்னதாக, நடந்துகொண்டே இருக்கிற ஆள். நாம் நெருங்க நெருங்க அவன் விலகிப் போக வேண்டும். கிட்டே வந்துவிட்டால் அந்த வெட்டவெளி செத்துவிடும்.

அப்படி நடக்கிற ஆள் அவளிடம் ஒருவன்தான் இருந்தான். செல்போனில், நாற்பது நொடி வீடியோவாக. அவள் புருஷன் பழனி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரில், புத்தலப்பட்டு வீட்டு வாசலில் நின்று எடுத்தது. குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போகிறான். பையின் பாரத்தில் இடது தோள் சரிந்திருக்க, பஸ் ரோட்டைப் பார்த்து நேராகப் போகிறான். பாதி தூரம் போயிருப்பான், மாமியார் கமலம்மா உள்ளேயிருந்து அவனுடைய வலிப்பு மாத்திரை அட்டையோடு ஓடி வந்தாள். கூப்பிடப் போனவளின் வாயை ரூபாதான் பொத்தினாள். "ஐயோ அத்தை, கடல் தாண்டிப் போறவர பின்னாலருந்து கூப்புடக்கூடாது. போன்ல சொல்லிக்கலாம்."

போனில் சொன்னாள்தான். அங்கே வாங்கிக்கொள்கிறேன் என்றான்தான். அங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் குளியலறையில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. பாழாய்ப்போன சாங்கியம்! அன்றைக்கு ஒரு சத்தம் போட்டிருந்தால் குடியா முழுகியிருக்கும்? போடாமல்தான் முழுகியது.

கமலம்மா அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காரியம் முடிந்ததும் மருமகளோடு திருப்பதிக்கு வந்து, ஒற்றை அறை வாடகை வீட்டில், ரூபா ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு மாலை கட்டும் வேலைக்குப் போய் வந்தாள். அந்தப் பேசாமைதான் ரூபாவைத் தினமும் கொன்றது.

அந்த வீடியோவிலிருந்து எடுத்துப் பழனியை மனையில் நடக்க விட்டதும் நிலம் திறந்துகொண்டது. "சாலா பாகுந்தி, ரொம்ப நல்லா இருக்கு! இப்பத்தான்மா மூச்சு வுட எடம் கெடச்சிருக்கு," என்றார் பாலசுந்தரம். அந்த ஆள் யாரென்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, திருத்த வேலைக்காக ரூபா கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், கமலம்மா அதை மாட்டிக்கொண்டு நடு அறையில் நிற்கிறாள்.

"பழனி போய்க்கினு கீறான்டி," என்றாள் கமலம்மா. இரண்டடி வைத்து பீரோவில் இடித்துக்கொண்டாள். "நான் போவப் போவ அவனும் போறானே." பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "டேய் பழனீ! மாத்திரைடா!"

அவன் எப்படித் திரும்புவான்? ரூபா செய்து வைத்தது முதுகை மட்டும்தான்.

"திரும்பலயேடி."

ரூபா உடைந்து அழுதுவிட்டாள். "அத்தை, கூப்ட்டா திரும்புற மாதிரி வெக்கிறேன். மொகத்த போட்டோலருந்து எடுத்துக்கறேன். ஒரு நாள் வேலைதான்." வெளி செத்தால் சாகட்டும், வேலை போனால் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. ஒரு தரம், ஒரே ஒரு தரம், பெற்றவள் கூப்பிட்டுப் பிள்ளை திரும்பட்டும்.

கமலம்மா கண்ணாடியைக் கழற்றினாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"வேணாம்மே. அவன் பாட்டுக்குப் போவட்டும்."

"ஏன் அத்தை?"

"கூப்ட்டிருந்தாலும் அவன் காதுல வுழுந்திருக்காதுன்னு ரெண்டு வருசமா எனக்கு நானே சொல்லிக்கினு கீறேன். இப்போ கூப்ட்டு அவன் திரும்பிட்டான்னு வெச்சிக்க, நாளைக்கு உன் கையால நான் எப்டிம்மே சோறு துன்றது?"

கண்ணாடியை மருமகளின் கையில் கொடுத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பண்டை போய் உட்கார்ந்தாள்.

"போடும்மே. பசிக்குது."

ரூபா சோறு போட்டாள்.