விரலை எடுத்த செய்தி யாருக்குப் போனது

1

இந்தக் கதை எனக்குத் தொலைபேசியில் வந்தது. ஒரு வியாழக்கிழமை முற்பகல். எடுத்ததும் தங்கையின் குரலுக்குப் பதிலாக ஒரு வயலின் கேட்டது. ஒரே ஒரு சுரம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அரை நிமிடம் போயிருக்கும்.

"கேக்குதா அண்ணா?" என்றாள்.

"கேக்குது. யார் வாசிக்கிறா?"

"யாரும் வாசிக்கலை. அதான் பிரச்சினை. நான் விரலை எடுத்து அஞ்சு நிமிஷம் ஆச்சு."

அவளுக்குப் பின்னால் யாரோ, "அந்த ஸ்பீக்கரை அணைச்சுத் தொலைங்கம்மா" என்றார்கள். சத்தம் நின்றது. அழைப்பும் நின்றது.

அப்போது எனக்கு முதலில் தோன்றியது, இதைக் கதையாக எழுதலாம் என்பதுதான். திரும்ப அழைத்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுதுகிறவனை அண்ணனாகப் பெற்றவர்கள் பாவம்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"இருபத்திரண்டு ஆண்டுகள் நாடக மேடைகளில் இசைத்த அந்த விரல்கள் இன்று, சிறகொடிந்த பறவையைப் போல..."

அங்கேயே விட்டுவிட்டேன். காரணம், தங்கை அதைப் படித்துவிட்டாள்.

"எந்தப் பறவைக்கு அண்ணா மணிக்கட்டுல தகடு வெச்சிருக்காங்க?"

ஆகவே நேராகவே சொல்கிறேன். என் தங்கை ஒரு நாடகக் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறாள். இரண்டு மாதங்களுக்கு முன் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. அறுவை சிகிச்சை, உள்ளே தகடு, வெளியே கட்டு. புது நாடகத்தின் முதல் காட்சி ஒரு சனிக்கிழமை பிற்பகல். கையில் இருந்தது இடது கை மட்டும்.

இயக்குநர் பொல்லாதவர் இல்லை. "முடியலைன்னா இசையைப் பதிவு பண்ணிப் போட்டுக்கலாம்மா, நீங்க கஷ்டப்படாதீங்க" என்றுதான் சொன்னார். அது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். நாடகத்தின் கடைசியில் அம்மாவாக நடிப்பவர் கதவருகே நின்று, வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார். ஒருநாள் நான்கு நொடி நிற்பார். இன்னொரு நாள் பத்து நொடி. கதவு சாத்தப்படும் அதே கணத்தில் வயலின் நிற்க வேண்டும். பதிவு செய்த இசைக்கு அந்த அம்மா எப்போது கதவைச் சாத்துவார் என்று எப்படித் தெரியும்?

3

(இந்தப் பகுதியை வெட்டிவிடலாமா என்று மூன்று முறை யோசித்தேன். இது இல்லாமல் கதை புரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அவளுடைய கீபோர்டு தானாகச் சத்தம் எழுப்பாது. அது செய்தி அனுப்பும், அவ்வளவுதான். மிடி என்பது அந்தச் செய்தியின் மொழி. இந்தக் கட்டையை அழுத்தினார்கள், இவ்வளவு வேகமாக அழுத்தினார்கள். வேகத்துக்கு ஒன்றிலிருந்து நூற்றிருபத்தேழு வரை எண் உண்டு, வெலாசிட்டி என்பார்கள். செய்தியை வாங்கிக்கொண்டு ஒலிப்பவை மடிக்கணினிக்குள் இருக்கும் மென்பொருள் சிந்தசைசர்கள்.

ஒரு கைதானே என்று உட்கார்ந்து யோசித்தவள் அவள்தான். மெதுவாகத் தொட்டால் செய்தி குழலுக்குப் போகட்டும். ஓங்கி அடித்தால் மத்தளத்துக்குப் போகட்டும். கை ஒன்று, வாத்தியம் இரண்டு. எண்ணைப் பார்த்துச் செய்தியைப் பிரித்து அனுப்பும் வேலையைக் கணினி செய்யும். அதை அமைத்துக் கொடுத்தவர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். இசை என்றால் அவருக்குக் காத தூரம். ஆனால் எந்தப் பொத்தானை அமுக்கினால் எது எங்கே போக வேண்டும் என்பது அவருடைய பிழைப்பு. ஒரு வாரம் வேலை முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் அவளோடு உட்கார்ந்திருக்கிறார்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல கணவனை வாசகர் நம்புவாரா? தங்கையிடமே கேட்டேன்.

"நல்லவர்தான். ஆனா அவர் சொன்னதையும் எழுது."

"என்ன சொன்னார்?"

"கட்டுப் போட்ட மறுநாள், 'இத்தனை வருஷம் வாசிச்சது போதாதா, அவங்கதான் பதிவு பண்ணிப் போட்டுக்கறேன்னு சொல்றாங்களே'ன்னார். நான் ரெண்டு நாள் பேசலை. அதையும் எழுது."

மூன்றாம் நாள் காலையில் அவர் கணினியைத் திறந்து அவள் முன்னால் வைத்து, "எந்த வாத்தியம் எங்க போகணும், சொல்லு" என்றாராம். மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்டேன். அதுதான் மன்னிப்பு என்றாள்.

4

வயலின் பிறகு வந்தது. ஒத்திகைக்கு ஒருநாள் முன்னதாக இயக்குநர், கடைசிக் காட்சிக்குக் குழல் போதாது, வயலின் வேண்டும் என்றார். வியாழன் காலை அவசர அவசரமாகக் குழலுக்கும் மத்தளத்துக்கும் நடுவே ஒரு இடம் ஒதுக்கினார்கள். தொட்டால் குழல், கொஞ்சம் அழுத்தினால் வயலின், ஓங்கினால் மத்தளம். இடது கைக்கு அந்த 'கொஞ்சம்' பிடிபடவில்லை. மாப்பிள்ளை நடுப்பகுதியை இரண்டு பக்கமும் அகலமாக்கினார். பிடிபட்டது. வயலின் ஒலித்தது. சரிபார்க்க நேரமில்லாமல் ஒத்திகை தொடங்கிவிட்டது.

கதவு சாத்தப்பட்டது. அவள் விரலை எடுத்தாள். வயலின் நிற்கவில்லை.

மீதியை நீங்கள் முதல் பகுதியில் கேட்டுவிட்டீர்கள்.

இயக்குநர் கோபப்படவில்லை. "நாளைக்கு மதியத்துக்குள்ள சரியாகலைன்னா பதிவுதான், என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்றாள் தங்கை.

5

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். (உதவி செய்யவா, குறிப்பெடுக்கவா என்று கேட்காதீர்கள்.) சாப்பாட்டு மேசையில் கீபோர்டு, கணினி, ஆறிப்போன காபி. மாப்பிள்ளை விடுப்பு எடுத்திருந்தார். வயலின் மென்பொருளில்தான் கோளாறு என்று அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருந்தார். அழுத்தினாள். ஒலித்தது. எடுத்தாள். ஒலித்துக்கொண்டே இருந்தது.

"வேற வயலின் போட்டுப் பாக்கலாமா?" என்றார்.

அவள் குழலைத் தொட்டாள், எடுத்ததும் நின்றது. மத்தளத்தை அடித்தாள், அது தானாகவே அடங்கியது. பிறகு, வந்து போகும் செய்திகளை வரிசையாகக் காட்டும் சின்னச் சாளரத்தைத் திறக்கச் சொன்னாள். வயலினை ஒருமுறை அழுத்தி எடுத்தாள். திரையில் இரண்டு வரிகள். அழுத்தியது: எண்பது. எடுத்தது: பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தாள்.

"நான் விரலை எடுத்த செய்தி யாருக்குப் போச்சு?"

மாப்பிள்ளை பார்த்தார். விரலை எடுக்கும்போதும் கீபோர்டு ஒரு செய்தி அனுப்புகிறது. அதற்கும் ஒரு எண் உண்டு. இவளுடைய கீபோர்டில் அது எப்போதும் பூஜ்யம். இவர்கள் போட்ட விதிப்படி சின்ன எண் எல்லாம் குழலுக்கு. ஆக, 'வாசி' என்று வயலினிடம் சொல்லிவிட்டு, 'நிறுத்து' என்று குழலிடம் சொல்லியிருக்கிறார்கள். குழல் சும்மாதான் இருந்தது. வயலின் பாவம், யாரும் சொல்லாததால் வாசித்துக்கொண்டே இருந்தது.

"அடச்சே" என்றார் மாப்பிள்ளை. "அப்ப நிறுத்தறதை எப்படிப் பிரிக்கறது?"

"ஏன் பிரிக்கணும்? மூணு பேருக்கும் சொல்லிடுங்க. வாசிக்காதவங்க என்ன கோவிச்சுக்கவா போறாங்க?"

இரண்டே நிமிட வேலை. அழுத்தும் செய்திக்கு மட்டும் எண்ணைப் பார்ப்பது, எடுக்கும் செய்தியை எல்லாருக்கும் அனுப்புவது. அழுத்தினாள். எடுத்தாள். வீடு அமைதியானது. எங்கோ குழாய் சொட்டுவது கேட்டது. மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்தார். அவளும் சிரித்தாள். கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கி, கட்டு இடிக்க, "அம்மா" என்று மறுபடி சிரித்தாள்.

6

முடிவு என்று மூன்று எழுதினேன். ஒன்றில் அரங்கம் எழுந்து நின்று கை தட்டுகிறது. (பொய். உட்கார்ந்துதான் தட்டினார்கள்.) இன்னொன்றில் மேடையில் மறுபடி வயலின் நிற்காமல் போய், அதுவே நாடகத்துக்குப் பொருத்தமாக அமைந்து, எல்லாரும் அதை மேதைமை என்று... (இது புத்திசாலித்தனம் காட்டுவது. அவள் பட்ட பாட்டுக்கு இதைவிட அவமரியாதை இல்லை.) மூன்றாவதில், நடந்தது மட்டும்.

சனிக்கிழமை அந்த நடிகை கதவருகே வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றார். தங்கையின் ஒற்றை விரல் கட்டையின் மேல். ஓரத்தில் மாப்பிள்ளை, எதற்கும் இருக்கட்டும் என்று ஒலியை அணைக்கும் பொத்தானில் விரலை வைத்திருந்தார். நான் மேடையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தப்பட்டது. வயலின் நின்றது. அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை. மாப்பிள்ளை விரலை எடுத்துவிட்டு, சட்டையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

இன்று ஞாயிறு, மதியம். அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை கையின் கட்டை அவிழ்க்கிறார்கள். வலது கை பழையபடி வேலை செய்யுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அந்தக் கை திரும்பி வந்தால் அவள் பழையபடி வாசிப்பாளா, இடது கைக்குக் கிடைத்ததை விட்டுவிட மனமில்லாமல் இருப்பாளா என்று கேட்க நினைத்தேன். நீங்கள் எது நடக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டியதில்லை.

அவள் சோபாவில் தூங்குகிறாள். கட்டுப் போட்ட கை தலையணை மேல். இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை என்று மாப்பிள்ளை சொன்னார். என் பேனா சரசரக்கிறதாம். கையைக் காட்டி நிறுத்தச் சொல்கிறார்.