பக்கத்து பிரேக்

கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஒலிப்பானை அழுத்தி வைத்துத் திட்டிவிட்டுக் கடந்து போனான். அவள் பிரேக்கைத் தொடவே இல்லை.

"எதுக்கு மிதிச்சே?"

"நாய்."

"அது வேலியோரமா படுத்துத் தூங்குது."

"எந்திரிச்சிருந்தா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வண்டியைக் கிளப்பினாள். காலையிலிருந்து இது ஏழாவது தடவை. நேற்றைய கணக்கை அவள் வைத்துக்கொள்ளவில்லை, வைத்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

அது டிரைவிங் ஸ்கூல் கார். பக்கத்து இருக்கைக்காரர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்த இருக்கையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவளுடைய அண்ணன். ஊர் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. கட்டிய மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். காரின் தலைமேல் இருந்த எல் போர்டையாவது கழற்றிவிடலாம் என்று புறப்படும்போது அவள் கெஞ்சிப் பார்த்தாள். "ஸ்கூல் வண்டின்னா போர்டு இருக்கும்" என்றுவிட்டார். ஆகவே ஐம்பது வயதில், தொள்ளாயிரம் கிலோமீட்டர் தூரத்துக்கு, வழியில் போகிற வருகிற சின்னப் பையன்கள் எல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொந்தத் தங்கைக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்தொன்பது வயதில் அவளும் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள், காத்திருந்த மற்ற மாணவர்கள் எதிரிலேயே, "உனக்கு வராது, இறங்கு. ரோட்டுல போறவங்க பாவம்" என்று இறக்கிவிட்டார். முப்பத்தாறு வயதில் வேறொரு ஊரில் போய்க் கற்றுக்கொண்டாள். பதினாலு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள், ஒரு கீறல் கிடையாது. அந்த வேனில் அண்ணன் ஒருநாள்கூட ஏறியதில்லை. மழையில் நின்றாலும் ஏறமாட்டார்.

இப்போது அவருடைய ஈரல் கெட்டுப்போய், டாக்டர் வாரக் கணக்கில் பேச ஆரம்பித்த பிறகு, அந்த நகரத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இளவட்ட வயதில் ஒன்பது வருஷம் அங்கே பஸ் ஓட்டியவர். ஆற்றுப்பாலம், அதன் மஞ்சள் விளக்குகள், பாலத்தில் தன் பஸ் ஏறும்போது வருகிற காற்று என்று வீட்டில் எல்லோர் காதும் புளிக்கிற அளவுக்குப் பேசியவர். ரயிலில் போக மாட்டாராம். சாலை வழியாகத்தான் அந்த ஊருக்குள் நுழைய வேண்டுமாம். மகன்களுக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணி, "என்னைவிட அந்த ஊரத்தான் கட்டிக்கிட்டாரு. அங்கயே போகட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கைதான் சரி என்றாள்.

பாசத்தால் அல்ல. தொள்ளாயிரம் கிலோமீட்டர் இந்த மனிதர் தன் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும், உட்கார்ந்து பார்த்தாக வேண்டும், இறங்குவதற்குள் 'நீ நல்லா ஓட்டறே' என்று ஒரு தடவை சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் வந்தாள்.

வாயால் சொல்லாவிட்டாலும் போகட்டும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு மாணவன் தேறிவிட்டான் என்று தோன்றுகிற அன்று, ஓடுகிற வண்டியிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொள்வார். ஒன்றும் சொல்லமாட்டார். மாணவன் அன்றைக்கே எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக்கொடுப்பான். இன்று காலையில் விடுதி அறையில் வீங்கிப்போன அந்தக் கால்களை ஷூவுக்குள் திணிக்க அவள்தான் மண்டியிட்டாள்.

"செருப்பு போட்டுக்கயேன். இப்படி வீங்கியிருக்கு."

"செருப்பு போட்டுக்கிட்டு பிரேக் மிதிக்கறவன் மாஸ்டரா? லேஸை இறுக்கு."

அவள் இறுக்கினாள், தேவைக்கு மேலேயே இறுக்கினாள்.

மதியம் சாலையோரக் கடையில் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. எதிரில் உட்கார்ந்து அவள் தன் தட்டைக் காலி செய்தாள். பிறகு கேட்டேவிட்டாள்.

"எழுநூறு கிலோமீட்டர் வந்தாச்சு. நான் எப்படி ஓட்டறேன்?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீ பிரேக் போட்டா என் தலை ஆடுது" என்றார். "பக்கத்துல தூங்கறவன் முழிக்காம நிறுத்தணும். அதுக்குப் பேருதான் ஓட்டறது."

"சாகறதுக்குள்ள ஒரே ஒரு நல்ல வார்த்தை சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"சாகப்போறவன் பொய் சொல்லக் கூடாது."

"அப்போ செத்துத் தொலை" என்றாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் தண்ணீரை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, கையை ஊன்றி எழுந்து, அவள் பிடிக்க வருவதற்குள் காரை நோக்கி நடந்தார்.

சாயங்காலம் மலை இறக்கம் தொடங்கியது. முதல் வளைவில் பக்கத்து பிரேக்குக்காக அவள் உடம்பு தானாகவே இறுகிக் காத்திருந்தது. வரவில்லை. இரண்டாவது வளைவிலும் வரவில்லை. ஒரு டேங்கர் லாரியை முந்தினாள், வேண்டுமென்றே. அதற்கும் வரவில்லை. அவளுக்குள் என்னவோ திறந்துகொண்டது. கியரை மாற்றுவது தனக்கே தெரியாத அளவுக்கு அத்தனை நன்றாக அவள் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று வீம்பாகச் சாலையையே பார்த்தாள்.

"என்ன மாஸ்டர், கால் வலிக்குதா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். பதில் இல்லை. இருக்கட்டும், அவருக்கும் வீம்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கடைசி வளைவு திரும்பியதும் கீழே ஆறு தெரிந்தது. அதன் குறுக்கே பாலம்.

"அண்ணே, பாலம்."

அவர் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. அவள் ஓரமாக நிறுத்திக் கையைத் தொட்டாள். கை குளிர்ந்துபோயிருந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் கீழே பார்த்தாள். இடது ஷூ கழன்று தரையில் ஒருக்களித்துக் கிடந்தது. அந்தக் கால் இருக்கையின்மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வலது கால் ஷூவோடு தரையிலேயே இருந்தது. லேஸ் மட்டும் அவிழ்ந்திருந்தது.

வீக்கம் தாங்காமல் கழற்றினாரா? எந்த வளைவில்? அவள் நன்றாக ஓட்டியதெல்லாம் அவர் பார்த்ததா, பார்க்காததா?

"பாதியில விட்டுட்டியே, பாவி" என்றாள். "முழுசா கழட்டித் தொலைச்சா என்ன?" கை ஓய்கிற வரைக்கும் ஸ்டியரிங்கை அடித்தாள்.

பிறகு அண்ணிக்கு போன் செய்தாள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"போய்ச் சேர்ந்தாச்சா?"

"இல்ல அண்ணி. பாலம் தெரியுது."

"வழியெல்லாம் பிரேக் போட்டு உசிரை வாங்கியிருப்பாரே."

"மலை இறங்கறப்போ போடல அண்ணி. ஒரு மணி நேரமா போடவே இல்ல."

குழாய் நின்றது.

ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப்பக்கம் என்று பலகை சொன்னது. ஷூவை எடுத்து மறுபடி அவர் காலில் மாட்டப் பார்த்தாள். நுழையவில்லை. அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். பாலத்தில் ஏறியதும் அவர் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். பின்னால் வந்தவர்கள் எல் போர்டைப் பார்த்து ஒலிப்பான் அடித்துக்கொண்டு முந்தினார்கள்.

பாலத்தின் நடுவில், முன்னே போன பஸ் சட்டென்று நின்றது. அவள் பிரேக்கை மிதித்தாள்.

கார் நின்றது. கண்ணாடியில் சாய்ந்திருந்த தலை ஆடவில்லை.