ராசாவுக்குக் கிராம்புத் தைலம்

மீனின் பேர் ராசா. மண்டை புடைத்த சிவப்பு பிளவர்ஹார்ன். என் வீட்டுக்காரர் இசக்கிமுருகன் ஆசைப்பட்டு வளர்த்தது. எனக்கும் அதற்கும் ஆகாது. அவர் போனால் வாலை ஆட்டும், நான் தொட்டிக்குள் கையை விட்டால் கடிக்க வரும். ராசாவாம் ராசா.

இப்போது கடிக்கிற நிலையில் இல்லை. வயிறு உப்பி, செதிலெல்லாம் பலாக்காய் முள் மாதிரி நட்டுக்கொண்டு, ஒருக்களித்து மூச்சு வாங்கியது. உப்புப் போட்டாயிற்று, மருந்தும் போட்டாயிற்று. மீன்கடை பிச்சைக்கண்ணு அண்ணாச்சிக்குப் படம் அனுப்பினேன். செதில் நட்டுக்கொண்டால் இனிப் பிழைக்காது என்றார். வதைபட விடாமல், வாளித் தண்ணீரில் கிராம்புத் தைலத்தைக் கலந்து அதில் விட்டால் தூங்குகிற மாதிரி போய்விடுமாம். பல்வலிக்கு வாங்கின தைலம் வீட்டிலேயே இருந்தது.

சுடலைவடிவு மதினிதான் விடவில்லை. மதினி அவருடைய அக்கா. அன்று மதியம் என் வீட்டுக்காரருக்குப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். கொழுந்தன் சொரிமுத்துவைத் துணைக்கு வைத்துவிட்டு, குளித்து மாற்றிக்கொண்டு வரலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் டவுணில் இருக்கிற வீட்டுக்கு வந்திருந்தோம்.

ராசா மாதிரி வாஸ்து மீன், வீட்டு ஆளுக்கு வருகிற கண்டத்தைத் தான் வாங்கிக்கொண்டு சாகும் என்று எங்கள் தெருவில் எல்லாரும் சொல்வார்கள். விற்கிறவனும் அதைச் சொல்லித்தான் விற்கிறான். மதினிக்கு அது வேதவாக்கு. தானாகச் செத்தால்தான் கண்டம் கழியும், நாம் கையை வைத்தால் அது திரும்ப ஆளிடமே வந்துவிடும் என்பது அவள் கணக்கு. வந்ததும் வராததுமாகத் தொட்டிக்குள் திருநீற்றை வேறு தூவி வைத்திருந்தாள்.

“ஏட்டி கலை, அதத் தொட்டுறாத. அது என் தம்பி பாட்டைப் படுது. தன்னால போவட்டும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் தைலப் புட்டியை எடுத்தேன், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் காலத்துக்கும் நான்தான் கொன்றவள். மதினி வாயை விடுங்கள், என் மனசு என்னை விடுமா?

ராசா அடியில் போய் விழும், தத்தளித்து மேலே வரும், மறுபடி விழும். மதினி கண்ணாடியில் முகத்தை வைத்து, போய்ச் சேர்ந்திரு ராசா, போய்ச் சேர்ந்திரு என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அது போகிற வழியாக இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

போன் அடித்தது. அவர்தான். எப்போது வருவீர்கள் என்று கேட்டுவிட்டு, அடுத்த பேச்சாக மீனைக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். முடியவில்லை. அண்ணாச்சி சொன்னது, மதினி சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மதினிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு பிள்ள. அதுக்காவ அந்த வாயில்லாச் சீவன் கெடந்து படணுமா? என் பாட்டை நான் படுதேன். நீ அதைப் பைய அனுப்பி வச்சிட்டு வா.”

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

நான் அவளிடம் கேட்கவில்லை. தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டேன். பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுத் தைலத்தைக் குலுக்கினேன். ராசாவை இரண்டு கையாலும் அள்ளி வாளியில் விட்டேன். கடிக்கவில்லை. ஒரு கடி கடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். தைலத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.

மதினி எழுந்து வந்து வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்தாள். திட்டப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“வலிக்காதுல்லா?” என்று கேட்டாள்.

“வலிக்காது மதினி. மயக்கந்தான்.”

ராசா பக்கவாட்டில் சாய்ந்தது. செவுள் அசைவது குறைந்துகொண்டே வந்து நின்றது. மதினி வாளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“தம்பிக்கும் இப்பிடித்தான மயக்கம் குடுப்பாவ?”

ஆமாம் என்றேன். அவர் முழித்துவிடுவார் மதினி என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.