பிரான்ஸ் தோணிக்காரரின் செத்தவீடு

பிரான்சிலிருந்து மகன் லெனாட் அனுப்பிய பார்சலில் சொக்லேட்டுகளோடு ஒரு படமும் இருந்தது. ஆற்றங்கரை, விடியற்காலம், மூடுபனி, கட்டிக் கிடக்கும் தோணிக்குள் குந்தியிருக்கும் ஒரு மனிதர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செப்புத் தகட்டில் கீறி அச்சடித்ததாம். வீடு வடிவாயிருக்கும் என்று நினைத்து யோசப்பின் அதைக் குருநகர் வீட்டு விறாந்தைச் சுவரில் மாட்டினாள்.

அவள் கணவர் நீக்கிலாப்பிள்ளை முழங்கால் நோவால் கடற்றொழிலை விட்டு வீட்டோடு இருப்பவர். படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டார்.

"நல்லா விடிஞ்சு போச்சு. இந்தாள் இன்னும் கயிறு அவிழ்க்கேல்லை."

"இஞ்சாருங்கோ, அது படம்."

"படமெண்டால் தொழிலுக்குப் போகக் கூடாதோ?"

அடுத்த கிழமைக்குள் அயலட்டைச் சனம் முழுவதும் விறாந்தையில் நின்றது. தோணிக்குள் தண்ணீர் ஏறுகிறது என்றார் ஒருவர். இல்லை, இருக்கிற இருப்பைப் பார்த்தால் காய்ச்சல் என்றார் இன்னொருவர். மீனவர் சங்கத் தலைவர் செபநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "விசாரிக்கத்தான் வேணும்" என்றார்.

லெனாட்டுக்கு வீடியோ கோல் எடுத்தார்கள். அவன் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்தத் தோணிக்காரருக்கு என்ன வருத்தம்?" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"அப்பா, அந்தாள் செத்து நூற்றைம்பது வருசமாவது இருக்கும்!"

கோல் அறுந்தது. நீக்கிலாப்பிள்ளை மெல்ல எழும்பி, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார்.

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

தொழில்காரன் ஒருவன் செத்தால் கடலில் இறங்குவதில்லை என்பது அந்தக் கரையின் வழக்கம். பிந்தித் தெரிந்தாலும் சாவு சாவுதான் என்று செபநாயகம் முடிவு சொன்னார். சந்தியில் வெள்ளைக்கொடி ஏறியது. பெயர் தெரியாததால், "பிரான்ஸ் தோணிக்காரர் காலமாகிவிட்டார், நாளைக்குத் தொழிலில்லை" என்று ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள்.

மறுநாள் விடியவே சனம் வரத் தொடங்கியது. கோப்பி ஊற்றி ஊற்றி யோசப்பினுக்குக் கை ஓய்ந்தது, சீனியும் முடிந்தது. "விசர்க் கூட்டம்" என்று குசினிக்குள் நின்று பொருமினாள். பாசையூரிலிருந்து வந்த ஒரு மனிசி அவள் கையைப் பிடித்து, "ஆளுக்குப் பிள்ளை குட்டியள் இருக்கோ?" என்று கேட்டாள்.

யோசப்பின் எட்டிப் படத்தைப் பார்த்தாள். கரையில் ஒரு குடிசைகூட இல்லை. அந்தக் குளிரில் ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்க ஆளில்லை.

"ஒருத்தருமில்லையக்கா. தனியாள்" என்றாள். மனிசி அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க, யோசப்பினும் குரலெடுத்து அழுதாள். நீக்கிலாப்பிள்ளை வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார்.