பேதுருவை விட்டுவிட்டு மீனை மட்டும்

ஹார்லெம் நகரத்துத் தேவாலயங்களுக்கெல்லாம் வெள்ளையடித்த கோடையில், ஓவியன் கோவர்ட்டின் மூன்று வருஷ உழைப்பு ஒரு தள்ளுவண்டியில் வீடு திரும்பியது. பலிபீடத்துக்குப் பின்னால் நிறுத்துவதற்காகப் பெரிய ஓக் பலகையில் அவன் வரைந்த படம் அது. படகு நிறைய மீன் கிடைத்த அதிசயத்தைக் கண்டு முழந்தாளிட்டு அழும் சீடர் பேதுரு. மேலே மேகத்துக்குள்ளிருந்து கால் நீட்டியபடி இறங்கும் ஒரு தேவதூதன்.

ஊருக்குள் புது மதம் வந்துவிட்டது. படத்தைக் கும்பிடுவது பாவமாகிவிட்டது. "சனிக்கிழமைக்குள்ள எடுத்துட்டுப் போயிடு. அப்புறம் ரொட்டி அடுப்புல எரிஞ்சா என்னைக் கேக்காதே," என்று தேவாலயப் பொறுப்பாளரான டீக்கன் லுப்பர்ட் சொல்லியிருந்தார். சொல்லும்போது படத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கோவர்ட்டுக்கு அதுதான் தாங்கவில்லை.

பலகை வீட்டு வாசலுக்குள் நுழையாததால் கொல்லையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்கள். அவன் மனைவி மாக்தெல்த் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் தேவதூதன் தலைமேல் துவைத்த போர்வையைக் காயப் போட்டாள்.

"அறிவிருக்கா உனக்கு? புனிதமான படம்டி!"

"புனிதமெல்லாம் போன மாசத்தோட முடிஞ்சிருச்சாமே. இப்ப இது பலகைதாங்க. நல்ல வெயில்ல நிக்குது."

அன்று மதியம் அடுத்த தெரு அலைட் வந்தாள். கணவன் செத்தபின் மதுவடிசாலையைத் தனியாளாக நடத்துகிறவள். அவள் குரலுக்குக் குதிரைகளே வழிவிடும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தவள், "என்ன மாக்தெல்த், இவ்வளவு மீனை வெயில்ல போட்டிருக்கே?" என்றாள். பிறகு கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் ஈரமாகவில்லை.

"அடப்பாவி! வரைஞ்சதா? இந்தக் காட் மீனைப் பாரேன், இப்பத்தான் கடைசி மூச்சு விட்ட மாதிரி இருக்கு. கோவர்ட், இது எனக்கு வேணும்."

கோவர்ட் நெஞ்சை நிமிர்த்தினான். "தாராளமா, அலைட்டக்கா. உங்க வீட்டுப் பிரார்த்தனை அறையில..."

"சாப்பாட்டுக் கூடத்துலப்பா. மீன் மட்டும். அந்தக் கிழவன் வேணாம்."

"அது பேதுரு!"

"யாரா இருந்தா என்ன? மூஞ்சியைப் பாரு, குழம்பு ஆறிப்போச்சுன்னு என் வீட்டுக்காரர் முறைக்கிற மாதிரியே இருக்கு. முப்பது வருஷம் பாத்தாச்சு. போதும்."

அவளைக் கோவர்ட் தெருவரைக்கும் துரத்திவிட்டான். திரும்பி வந்து, தன் கலையைக் கசாப்புக்கடைப் பலகையாக்கப் பார்க்கிறார்கள் என்று கத்தினான். மாக்தெல்த் போர்வையை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"பேதுரு மூஞ்சியை எத்தனை தடவை அழிச்சீங்க?"

"பதினோரு தடவை."

"ஒவ்வொரு தடவையும் வீட்டுல சண்டை. மீனை எப்போ வரைஞ்சீங்க?"

கோவர்ட் மீன்களைத் திரும்பிப் பார்த்தான். ஒரே ஒரு காலையில் வரைந்தது. சந்தையிலிருந்து வந்த கூடை நாறுவதற்குள் முடிக்க வேண்டுமென்று, சாப்பிடக்கூட மறந்து, சீட்டியடித்துக்கொண்டே வரைந்தான். செதிலில் விழுந்த வெளிச்சத்தைப் பிடித்தபோது தனியாகச் சிரித்தது நினைவுக்கு வந்தது. பேதுருவின் கண்ணீரை வரைந்தபோது அப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை. அது தெரிந்தபோது அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது.

மறுநாள் தச்சனிடம் ரம்பம் வாங்கி வந்தான். பேதுருவும் தேவதூதனும் இருந்த பக்கத்தைக் கவனமாக அறுத்தெடுத்து, பழைய மதத்தை ஒளிந்து அனுசரிக்கும் ஒரு பாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டான். மீன் பக்கத்தில் ஒரே ஒரு சிக்கல்: மேல் மூலையில் தேவதூதனின் கால் மட்டும் மிஞ்சித் தொங்கிக்கொண்டிருந்தது. கொழுகொழுவென்ற, ரோஜா நிறக் கால். கோவர்ட் வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு பாதத்தை மறைத்து ஒரு கயிறு வரைந்தான். தொடையைச் சுற்றித் தூரிகையால் கொஞ்சம் கொழுப்பும் உப்பும் தடவினான். அருமையான பன்றித்தொடை தயார்.

"ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அவருக்கும் பசிக்குமில்ல," என்றாள் மாக்தெல்த்.

அலைட் படத்தை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர்களுக்கு விருந்து வைத்தாள். டீக்கன் லுப்பர்ட்டும் வந்திருந்தார்; கோவர்ட்டும் மாக்தெல்த்தும் அதே மேசையில் இருந்தார்கள். சூப் வைத்த கணமே கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து படத்தருகே போனார். நின்றார். கண்ணோரம் பளபளத்தது. எந்தக் கண்ணீருக்காகக் கோவர்ட் மூன்று வருஷம் பேதுருவோடு மல்லுக்கட்டினானோ, அது இப்போது ஒரு தொடைக்கறிக்காக வந்து நின்றது.

"இதுல பாவம் ஒண்ணுமில்லையே?" என்றார் டீக்கன், குரலைத் தாழ்த்தி.

"வெறும் சாப்பாடுதாங்க ஐயா. யாரும் கும்பிட மாட்டாங்க," என்றான் கோவர்ட்.

"நான் கும்பிட்டுருவேன் போல இருக்கே! என் வீட்டுக்கும் ஒண்ணு வேணும்பா. மீன் கம்மியா, தொடை ரெண்டா."

கோவர்ட் சரியென்று தலையாட்டினான். இரண்டாவது தொடைக்கு எந்தத் தேவதூதனைப் பிடிப்பது என்று யோசித்தபோது சிரிப்பு பொத்துக்கொண்டு வர, சூப் கிண்ணத்துக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். மேசைக்கு அடியில் மாக்தெல்த் அவன் காலை மிதித்தாள்.